சித்தப்பா கொண்டுபோன பணம்

கொஞ்சம் நிலமோ கடையோ வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறை பின்னால் போனால், பணத்தோடு போனவர் ஒருவர் தட்டுப்படுவார். பெரும்பாலும் தாத்தாவின் தம்பி; சில வீடுகளில் மூத்த தாரத்து மகன்; சில வீடுகளில் வரவு செலவு பார்த்துவந்த மைத்துனர். ரங்கூனிலிருந்து வந்த இரும்புப் பெட்டியை இரவோடு இரவாக இடம் மாற்றியிருப்பார். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கியிருப்பார். தாசி வீடே கதியென்று கிடந்து நஞ்சையைக் கரைத்திருப்பார். சொல்பவர் யாராக இருந்தாலும் கதை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அந்த ஆள் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நம் நிலைமையே வேறு.

இவற்றை வம்பு என்று தள்ளிவிடுவது வரலாறு எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரணக் குடும்பம் தன் பொருளாதார வரலாற்றை வேறு எந்த வடிவத்திலும் பாதுகாத்து வைப்பதில்லை. கணக்குப் புத்தகம் கரையானுக்குப் போய்விடுகிறது, பத்திரம் வாங்கியவன் கைக்குப் போய்விடுகிறது, கதை மட்டும் தங்குகிறது. அந்தக் கதை அப்படியே நடந்ததா என்று கேட்டால் பல சமயம் இல்லை என்றுதான் விடை வரும். ஆனால் அது எந்த இடத்தில் நடந்ததிலிருந்து விலகுகிறது என்று கேட்டால் நிறையக் கிடைக்கும்.

இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார். தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் 1949 மார்ச்சில், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில், லூயிஜி திரஸ்தூலி என்ற 21 வயதுத் தொழிலாளி போலீஸால் கொல்லப்பட்டார். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊர்க்காரர்களிடம் போர்த்தெல்லி பேசியபோது பலரும் அந்தச் சாவை 1953-க்கு, ஆலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்து தெருவில் மோதிய நாட்களுக்கு, நகர்த்திச் சொன்னார்கள். நினைவு பிசகியது என்று அவர் விட்டுவிடவில்லை. பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போன ஒரு சாவை, போராடிய ஒரு நாளோடு சேர்த்துவைத்துத் தங்கள் மானத்தைக் காத்துக்கொண்டார்கள் என்று அவர் கண்டார். நம் குடும்பக் கதைகளிலும் இத்தகைய நகர்த்தல் நடக்கிறது. இங்கே நகர்வது ஆண்டு இல்லை, குற்றம். எங்கேயோ கடலுக்கு அப்பால், கச்சேரியில், கம்பெனி வாசலில் நேர்ந்த இழப்பு வீட்டுக்குள் இருக்கும் ஒரு ஆளின் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்ட மூன்று பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனங்களில் அது ஒன்று. வங்கித் தொழிலும் அதன் கைவசம் இருந்தது. அரசாங்க உத்தியோகஸ்தர்கள், பென்ஷன்காரர்கள், கைம்பெண்கள், மிராசுதார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே வட்டிக்குப் பணம் போட்டிருந்தார்கள். அதன் லண்டன் கூட்டாளியான பேட்ரிக் மெக்ஃபேடியன் அந்தப் பணத்தைக் கொண்டு வெளிநாட்டு முதலீடுகளில் சூதாடித் தோற்றிருந்தார். விஷயம் வெளியே வந்த நேரத்தில் அவர் லண்டனில் ரயில் முன் விழுந்து செத்தார். சென்னையின் தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 1907-இல் 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. கவர்னருக்குச் சமமாக உலவிய ஒருவர் சிறைக்குப் போனதை ஊரே வாய்பிளந்து பார்த்தது. பணம் போட்டிருந்தவர்கள் தரப்பில் நின்று வாதாடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் பாடல்களை அச்சிட்டு இலவசமாகப் பரப்பியவரும் அவரே. நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முனைந்ததில்தான் 1907 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்தியன் வங்கி தொழிலைத் தொடங்கியது.

இது பாடப்புத்தகத்துக்குத் தெரிந்த பக்கம். வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் டெபாசிட் போட்டவர் கர்த்தா, அதாவது குடும்பத்தை நிர்வகிக்கும் மூத்தவர். ரசீது அவர் பெயரில், பெட்டிச் சாவி அவர் இடுப்பில். தம்பிமார் அந்த ரசீதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அண்ணன் ஒருநாள் சாயங்காலம் வந்து, கம்பெனி முழுகிப்போச்சு, பணம் வராது என்கிறார். நம்புவதா வேண்டாமா? நிஜமாகவே அவ்வளவு போட்டிருந்தாரா? முழுகுவதற்கு முன்பே எடுத்துத் தன் மாமனார் வீட்டில் வைத்திருக்க மாட்டாரா? கலைப்பு நடவடிக்கையில் தவணையாக ஏதோ வந்ததே, அது எங்கே? பங்காளிக் காய்ச்சல் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பதிலும் போதாது. மெக்ஃபேடியன் என்ற பெயர் அந்தத் தம்பியின் பேரனுக்குத் தெரிய வழியில்லை. பெரிய தாத்தா பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

அர்பத்நாட்டுக்குப் பிறகும் வங்கிகள் விழுந்துகொண்டே இருந்தன. மதராஸ் மாகாணம் முழுக்கக் கிளை பரப்பியிருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு 1938-இல் விழுந்தது. பாலாய் சென்ட்ரல் பாங்கை 1960 ஆகஸ்டில் மூடினார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் டெபாசிட் காப்பீடு வந்தது. 1962 ஜனவரி 1 முதல், தொடக்கத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 1,500 ரூபாய். அதற்கு முன்னால் வங்கி விழுந்தால் கலைப்பு அதிகாரி தருவதுதான் மிச்சம். இதில் நோட்டு செல்லாமல் போனதையும் சேர்க்க வேண்டும். 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளும், 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளும் செல்லாதவையாயின. கணக்கில் காட்டாத பணத்தை வைத்திருந்தவர் மாற்றவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் எரித்திருப்பார். ‘திருட்டுப் போய்விட்டது’ என்று சொல்வது அவருக்கு எளிது. திருடியவனாக யாரையாவது நினைத்துக்கொள்வது மற்றவர்களுக்கு அதைவிட எளிது.

கடல் கடந்த பணத்தின் கதை இன்னும் கனமானது. பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டித் தொழில் முழுவதும் நம்பிக்கையின் மேலும் முகவரின் மேலும் நின்றது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய விலாசத்தின் பேரில், பவர் பத்திரத்தோடு மூன்று வருடக் கணக்குக்குப் போகும் மேலாள் அங்கே பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுப்பார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கை எழுதி ஊருக்கு அனுப்புவார்கள். நல்ல காலத்தில் இந்த ஏற்பாடு வியக்கத்தக்க நேர்மையோடு நடந்தது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-31-இல் நெல் விலை பாதியாகச் சரிந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயி நிலத்தையே கொடுத்துவிட்டான். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். ஏட்டில் பார்த்தால் சொத்து நான்கு மடங்கு. உண்மையில் ரொக்கம் மண்ணில் மாட்டிக்கொண்டது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலிலும் அரக்கான் கணவாய் வழியாகவும் அஸ்ஸாம் மலைக்காடுகள் வழியாகவும் வெளியேறினார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. 1963-இல் வங்கிகள், 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின; அதே ஆண்டு மே 17-ஆம் தேதி 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவித்தார்கள். கப்பலேறியவர்கள் நகையைக்கூடக் கொண்டுவர முடியவில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு ஊரில் இருந்த சிறு பங்காளிக்கு எஞ்சியது என்ன? ஒரு காலத்தில் ஐந்தொகையில் பார்த்த பெரிய எண், காட்டு வழியே நடந்து உயிரோடு வந்து சேர்ந்த ஒரு ஆள். பணம் எங்கே என்று அவரிடம்தானே கேட்க முடியும்? சில மேலாட்கள் உண்மையிலேயே முதலாளியை ஏமாற்றினார்கள், அதையும் மறுக்க முடியாது. ஆனால் பர்மா அரசின் கெஜட்டை எதிர்த்துக் கோபப்பட ஊரில் இருந்தவருக்கு வழியில்லை. எதிர்வீட்டில் இருப்பவர் மேல் கோபப்படலாம், திருவிழாவில் பேசாமல் இருக்கலாம், அவர் வீட்டில் பெண் எடுக்காமல் இருக்கலாம். மலாயாவிலும் இப்படித்தான். ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரம் குலையோடு நிற்கும். 1945 செப்டம்பரில் அது வெறும் காகிதமானது. கடனைக் கொடுத்தவர் நல்ல காசில் கொடுத்திருக்க, வாங்கியவர் வாழைமர நோட்டில் அடைத்துவிட்டுப் புரோநோட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டார். அடைத்தது அடைத்ததாகுமா என்பதற்குப் போருக்குப் பிறகு அங்கே தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு தரப்புக்கு அது கடன் தீர்த்தது, இன்னொரு தரப்புக்கு மோசடி. இரண்டு வீட்டிலும் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவைத்தான் நம்புகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் குற்றம் இடம் மாறிய கதை. இதைவிட ஆழமான ஒன்று உண்டு. கெட்டுப்போன உறவினரைச் சட்டமே தயாரித்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

இந்தியாவின் பெரும்பகுதியில் நடைமுறையில் இருந்த மிதாட்சர இந்துச் சட்டத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறவியிலேயே பங்கு உண்டு. அதே சட்டம் தகப்பன் பட்ட கடனை அடைப்பது மகனின் புண்ணியக் கடமை என்றும் சொன்னது. தகப்பன் வாங்கிய கடனுக்காக மகனுடைய பங்கையும் சேர்த்து ஏலம் விடலாம். தப்பிக்க ஒரே ஒரு வாசல் இருந்தது. சூது, குடி, பெண் தொடர்பு போன்ற ஒழுக்கக்கேட்டுக்காகவோ சட்டவிரோதமான காரியத்துக்காகவோ பட்ட கடனாக இருந்தால் அது மகனைக் கட்டாது. அதை நிரூபிக்க வேண்டியது மகன். தகப்பன் பொதுவாகவே நடத்தை கெட்டவர் என்று காட்டினால் போதாது என்பதை அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தெளிவாக்கியிருந்தது. இந்தக் கடன் இந்தக் கெட்ட காரியத்துக்குப் போனது என்று முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும். 1923-இல் பிரிஜ் நாராயண் வழக்கில் பிரிவி கவுன்சில் இந்தக் கொள்கையை மேலும் ஒழுங்குபடுத்தியது. அடிப்படை மாறவில்லை.

இப்போது ஒரு மிராசுதார் கடனில் மூழ்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் பொய்த்திருக்கலாம், மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்திருக்கலாம், விலை விழுந்திருக்கலாம். லேவாதேவிக்காரர் டிக்ரி வாங்கி, நிலம் ஏலத்துக்கு வருகிறது. குடும்பம் வக்கீலிடம் ஓடுகிறது. நிலத்தைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருக்கிறது என்கிறார் வக்கீல். மைனர் பிள்ளைகள் பேரில் தாய் வழக்குப் போட வேண்டும்; முதல் பிரதிவாதி தகப்பன், இரண்டாம் பிரதிவாதி கடன்காரர். பிராதில் என்ன எழுத வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்: முதல் பிரதிவாதி துர்நடத்தை உள்ளவர், ஊதாரி, இன்ன ஊர் இன்ன பெண்ணோடு தொடர்புள்ளவர், தாவாக் கடன் முழுவதும் அதற்கே செலவாயிற்று, குடும்பத்துக்கு ஒரு காசு நன்மையும் இல்லை, ஆகவே வாதிகளைக் கட்டாது. எவ்வளவு துல்லியமாக எழுதுகிறாரோ அவ்வளவு நல்லது. பெண்ணின் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், எந்த ஆண்டு எவ்வளவு என்று வேண்டும். சாட்சி வேண்டும். தகப்பன் பெரும்பாலும் கோர்ட்டுக்கே வரமாட்டார், எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார். அவரே பின்னால் நின்று நடத்தும் வழக்கு இது என்று நீதிபதிகள் பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறார்கள்; அந்தச் சந்தேகம் பல வழக்குகளில் சரியாகவும் இருந்தது. பிள்ளைகளுக்கு நிலம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தன்னை ஸ்திரீலோலன் என்று மனைவியை எழுதவிட்ட தகப்பன்கள் இருந்தார்கள். நிஜமாகவே அப்படி வாழ்ந்து சொத்தை அழித்தவர்களும் இருந்தார்கள். பிராதைப் படித்து இருவரையும் வேறுபடுத்த முடியாது, வாசகம் ஒன்றுதான்.

இதே குடும்பத்தின் முந்தைய காகிதத்தை எடுத்தால் நேர்மாறான கதை இருக்கும். கூட்டுக் குடும்பச் சொத்தைக் கர்த்தா விற்கவோ அடமானம் வைக்கவோ குடும்ப அவசியம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் பங்காளிகள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்துவிடுவார்கள். வாங்குகிறவர் இதைத் தெரிந்தவர், பத்திரம் எழுதுகிறவரும் தெரிந்தவர். ஆகவே பழைய கிரையப் பத்திரங்களில் வழக்கமான ஒரு வரிசை வரும்: எனக்காகவும் என் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும் நான் எழுதிக்கொடுப்பது, குடும்பச் செலவுக்காகவும் முன்கடன் தீர்ப்பதற்காகவும் பெண் கல்யாணத்துக்காகவும் பெற்றுக்கொண்ட தொகை இவ்வளவு. அந்தப் பணம் உண்மையில் எங்கே போனது என்பதற்கும் இந்த வரிகளுக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுதியே ஆக வேண்டும் என்பதால் எழுதியது. ஆக ஒரே பணத்துக்கு இரண்டு வரலாறு கிடைக்கிறது. பத்திரத்தில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் செய்த பொறுப்பான தகப்பன், பிராதில் தாசி வீட்டில் சொத்தைத் தொலைத்தவர். இரண்டையும் ஒரே கச்சேரித் தெருவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பத்திரம் வாங்கியவர் பெட்டிக்குப் போனது. பிராதின் நகல் வீட்டில் தங்கியது, வீட்டாரின் வாயிலும் தங்கியது. பிற்கால வாரிசுகள் தாத்தாவின் நடத்தைக்கு ஆதாரமாக அந்தக் கோர்ட் காகிதத்தைத்தான் நீட்டுகிறார்கள். வழக்கறிஞரின் வாதத்தை வாழ்க்கை வரலாறாகப் படித்துவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்தப் பிராதுகளில் பெயர் சொல்லப்பட்ட பெண்கள் வழக்கில் தரப்பினர் இல்லை. அவர்களுக்குச் சம்மன் போகாது, பதில் சொல்ல இடம் இல்லை. ஒரு நிலத்தை ஏலத்திலிருந்து காக்க அவர்களுடைய பெயரைப் பயன்படுத்திக்கொண்டு அத்தோடு விட்டுவிட்டார்கள். நம் குடும்பக் கதைகளில் எல்லாச் சொத்தையும் விழுங்கியவளாக இன்றும் திட்டு வாங்கும் அந்தப் பெண்ணின் கையில், பல வழக்குகளில், ஒரு பைசாகூடச் சேர்ந்திருக்காது. மகனின் புண்ணியக் கடமை என்ற கொள்கையை 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கியது. கொள்கை போனபோதும் அது பெற்றெடுத்த கதைகள் போகவில்லை.

சந்தேகம் தீராமல் நிற்பதற்குச் சட்டத்திலேயே இன்னொரு காரணமும் இருந்தது. பிரிவினை கேட்கும் பங்காளி, கர்த்தாவிடம் பழைய வரவு செலவுக் கணக்கு கேட்க முடியாது. மோசடி செய்தார், சொத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார் என்று குறிப்பாகச் சாட்டி நிரூபித்தால் தவிர, பிரிவினை கேட்ட நாளில் கையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பங்கிட வேண்டும். வீண்செலவு செய்தார், சிக்கனமாக இல்லை என்பதெல்லாம் கேள்வியே ஆகாது. குடும்பம் என்பது வியாபாரக் கம்பெனி இல்லை என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த விதி இது. விளைவு என்னவென்றால், முப்பது வருடம் குடும்பத்தை நடத்திய யோக்கியரான அண்ணனும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, கையாடிய அண்ணனும் காட்ட வேண்டியதில்லை. கையாடாதவர் தன்னை நிரூபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. கணக்கு கேட்க வேண்டுமானால் திருடன் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். சொல்லியாயிற்று என்றால் பிறகு அந்தச் சொல் திரும்பி வராது.

செலவழித்தவரைப் பார்ப்பதிலும் யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியம். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி 1889-இல் ஜமீன் பொறுப்பை ஏற்றார். கோயில்களுக்கும் புலவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தார், விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்துக்குத் துணை நின்றார், சில ஆண்டுகளுக்குள் பெருங்கடனில் சிக்கி, 1903-இல் இளம் வயதிலேயே இறந்தார். தமிழ்ப் புலவர் மரபுக்கு அவர் வள்ளல். கடன் கொடுத்தவர்களின் ஏட்டிலும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் குறிப்பிலும் சொத்தைப் பராமரிக்கத் தெரியாதவர். அரசர் என்பதால் இரண்டு பார்வைகளும் அச்சில் நிலைத்தன. சாதாரண வீட்டில் ஒன்றுதான் நிலைக்கும், அதுவும் வாரிசுகளின் பார்வை. சத்திரம் கட்டிக் கடன்பட்டவரும் சீட்டாடிக் கடன்பட்டவரும் பேரன் கணக்கில் ஒரே வரியில் வருவார்கள்.

அப்படியானால் திருட்டு நடக்கவே இல்லையா? நடந்தது, தாராளமாக நடந்தது. ஆனால் கதைகள் காட்டும் திசையில் அது அவ்வளவாக இல்லை. தகப்பனை இழந்த மைனர்களின் பங்கைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார். கோர்ட் நியமித்த கார்டியனாக இருந்தால் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்குத் தாக்கல் செய்யும் கடமை உண்டு. வீட்டுப் பெரியவராக இருந்தாலோ கேட்பாரில்லை. மைனரின் சொத்தை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும் என்று 1956-இல் வந்த சட்டமும் கூட்டுக் குடும்பத்தின் பிரிபடாத பங்கை விலக்கிவிட்டது. பையன் மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுக்கு அது தெரியவரும்போது கெடு கடந்திருக்கும்.

அதைவிடப் பெரிய எடுத்துக்கொள்ளல் ஒன்றுக்குக் கதையே கிடையாது. 1937 வரை, பிரிபடாத குடும்பத்தில் புருஷனை இழந்த பெண்ணுக்கு ஜீவனாம்சம் மட்டும்தான். அவன் பங்கு அவன் சகோதரர்களுக்குப் போய்விடும். அவள் கொண்டுவந்த சீதனம் சட்டப்படி அவளுடையது. சாவி யாரிடம் இருந்தது என்பது வேறு விஷயம். 1956-க்குப் பிறகுதான் அவளுக்குக் கிடைத்த சொத்து முழுமையாக அவளுடையது ஆயிற்று. பெண் மக்களோ அன்று பூர்வீகச் சொத்தில் பங்காளியே இல்லை. இதையெல்லாம் யாரும் ‘பணம் திருட்டுப் போன கதை’ என்று சொல்வதில்லை. சொல்பவரின் வீடும் படிப்பும் அந்தப் பணத்தில் வந்ததாக இருக்கும்போது எப்படிச் சொல்வார்? தனக்கு வர வேண்டியது போன கதைதான் ஒருவருக்குச் சித்தப்பாவின் கதையாகத் தங்குகிறது, பிறருக்குப் போக வேண்டியது தன்னிடம் வந்த கதைக்கு நினைவில் இடமில்லை. குடும்பக் கதைகளில் இதைவிடப் பெரிய பொய்யாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

பார்க்க விரும்புகிறவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்க்கலாம். நிலத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று கேட்டால், அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்திலிருந்து, அந்த நிலத்துக்கு நேர்ந்தது ஆண்டுவாரியாக வரும். ரங்கூன் பெட்டி அதில் வராது, தாசி வீடு வராது. இன்ன ஆண்டு ஒத்தி, இன்ன ஆண்டு அடமானம், இன்ன ஆண்டு கோர்ட் ஏல விற்பனை என்று வரும். ஏலத்தின் ஆண்டு 1930-களில் விழுந்தால் சித்தப்பாவை விட்டுவிட்டு நெல் விலையைப் பார்க்க வேண்டும். சில வரிகள் கீழே விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கும். எழுதிக்கொடுத்தவர்கள் சகோதரிகள், எழுதி வாங்கியவர் சகோதரர், பிரதிபலன் ஒரு பெயரளவுத் தொகை. கல்யாணச் சீரே தனக்குரிய பங்கு என்று அவள் ஒப்புக்கொண்டதாக உள்ளே வாசகம் இருக்கும். அன்றைய நாளைப் பற்றிக் கேட்டால் வயதான அத்தைகள் நன்றாகவே சொல்வார்கள்: அண்ணன் வண்டி அனுப்பினான், புடவை எடுத்துக் கொடுத்தான், ஒரு கையெழுத்துதானே என்றான்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள், அன்றைக்குக் கல்யாணமாகாதவளாக இருந்தால். ஒரே வீட்டில் அக்காவுக்குக் கிடையாது, தங்கைக்கு உண்டு என்ற நிலை வந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கல்யாண வேறுபாட்டை நீக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. தகப்பன் 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துவைத்தது, இருந்திருக்கத் தேவையில்லை என்று. சிவில் கோர்ட்டுகளில் சகோதரிகள் போட்ட பாக வழக்குகள் இன்று நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளில் புதிய கதை ஒன்று உருவாகிவருகிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இப்போது அந்த அத்தையைக் கூப்பிடுவதில்லை. அண்ணன் தம்பி ஒற்றுமையைக் கெடுத்தவள், புருஷன் பேச்சைக் கேட்டுப் பிறந்த வீட்டைக் கோர்ட்டுக்கு இழுத்தவள், பேராசை பிடித்தவள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். பணத்தோடு போன சித்தப்பாவின் இடத்துக்கு, தன் பங்கைக் கேட்ட அத்தை வந்துகொண்டிருக்கிறாள்.